நாத்தனார் பையனுக்கு அம்மை போட்டிருக்கு, எனக்கு 17 வாரம், என்ன பண்றது?

நிலாச்சோறு
செவ்வாய், மதியம் 2:10

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பதட்டமா இருக்கு, டைப்பிங்ல தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. எனக்கு இது 17வது வாரம், முதல் குழந்தை. திருப்பூர்ல கூட்டுக்குடும்பம். நாத்தனார் லீவுக்கு பையனோட வந்திருக்காங்க, அவனுக்கு 6 வயசு. ஞாயித்துக்கிழமை லேசா உடம்பு சுடுதுன்னு நாள் பூரா என் மடியிலயே படுத்திருந்தான், ராத்திரி நான்தான் ரசஞ்சோறு பிசைஞ்சு ஊட்டிவிட்டேன். இன்னிக்கு காலைல குளிப்பாட்ட சட்டைய கழட்டுனா நெஞ்சுலயும் முதுகுலயும் தண்ணி கோத்துகிட்டு முத்து முத்தா இருக்கு. அத்தை பாத்த உடனே அம்மா வந்திருக்கான்னு கையெடுத்து கும்பிட்டு வாசல்ல வேப்பிலை சொருகிட்டாங்க. இனி வீட்ல தாளிக்கக்கூடாது, யாரும் தலை சீவக்கூடாது.

எனக்கு சின்ன வயசுல வந்துச்சான்னு அம்மாவுக்கு போன் போட்டு கேட்டேன். "உனக்கா உங்க அண்ணனுக்கான்னு சரியா நெனப்பில்ல பாப்பா, யாரோ ஒருத்தருக்கு வந்துச்சு"ங்கறாங்க. அத்தை என்னடான்னா வேப்பிலைய தலைமாட்டுல வச்சுக்கோ ஆத்தா பாத்துக்குவா, ஆஸ்பத்திரிக்கு போனா ஊசி போட்டுருவாங்க, அம்மை வந்த வீட்ல ஊசி ஆகாதுங்கறாங்க. வீட்டுக்காரர் பேசாம அருப்புக்கோட்டைக்கு உங்க அம்மா வீட்டுக்கு போயிடுங்கறார். அங்க அண்ணி பிரசவமாகி பத்து நாள் கூட ஆகல, அண்ணிக்கு அம்மா இல்லாததால எங்க அம்மாதான் பாத்துக்கறாங்க. போகலாமா? கூகுள்ல பாத்தா கை கால் வளராதுன்னு எல்லாம் போட்டிருக்கு, அதுக்கப்புறம் படிக்கவே பயமா இருக்கு.

நெல்லைக்காரி
செவ்வாய், மதியம் 2:31

ஏ பிள்ள, மொதல்ல அந்த கூகுள மூடி வையி. எனக்கு ரெண்டாவது உண்டாயிருந்தப்ப எட்டாம் மாசம் அம்மை போட்டுச்சு. வேப்பிலை, நுங்கு, இளநி, கூழு, அவ்வளவுதான். மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் ஒரு மாத்திர தொடல. மவன் இப்ப வளந்து வேலைக்கு போறான், அம்பாசமுத்திரத்துல எவன்கிட்டயும் கேளு, ஆளு எப்படி இருக்கான்னு. அம்மைக்கு மருந்து குடுத்தா உள்ளுக்குள்ள அமுங்கி போயிரும், அதுதான் ஆபத்து. பயப்படாம இரு.

லேப்கோட்
செவ்வாய், மதியம் 2:58

நிலாச்சோறு, கொஞ்சம் நீளமா எழுதறேன், முழுசா படிங்க. நான் டாக்டர் இல்ல, மைக்ரோபயாலஜி லேப்ல வேல, இந்த டெஸ்ட் தினமும் எங்க கையில தான் ஓடுது.

முதல்ல, நீங்க இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், வாரிசெல்லா ஐஜிஜி ரத்தப் பரிசோதனை. வாரிசெல்லான்னா சின்னம்மை, ஐஜிஜின்னா அதுக்கு நம்ம ரத்தத்துல இருக்கற எதிர்ப்பு சக்தி. கையில இருந்து கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். உங்க டாக்டருக்கு முதல்ல போன்ல சொல்லுங்க, அவங்களே எழுதிக் குடுப்பாங்க. ஐஜிஜி இருந்தா உங்களுக்கு சின்ன வயசுல எப்பவோ தெரியாமயே வந்து போயிருக்குன்னு அர்த்தம், உங்களுக்கும் குழந்தைக்கும் கவலையே வேண்டாம், அந்த பையன மடியில வச்சு தாலாட்டலாம். இல்லைன்னா தான் அடுத்த பேச்சே. நம்ம அம்மாக்கள் ஞாபகத்த நம்பி உக்காந்திருக்க தேவையில்ல, ரத்தத்துல எழுதியிருக்கும்.

ரெண்டாவது, நாள் கணக்கு. சின்னம்மை வெளிய தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிடும், எல்லா கொப்புளமும் காய்ஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் பரவும். அதனால உங்களுக்கு முதல் நாள்ங்கறது இன்னிக்கு இல்ல, நீங்க சோறு ஊட்டுன ஞாயித்துக்கிழமை. ஒரே ரூம்ல 15 நிமிஷம் இருந்தாலே போதும்ங்கறது கணக்கு, நீங்க மடியில போட்டிருந்திருக்கீங்க. ஒரே வீட்ல இருக்கற, எதிர்ப்பு சக்தி இல்லாதவங்கள்ல நூத்துக்கு 90 பேர் வரைக்கும் இது தொத்திக்கும். உடம்புல கொப்புளம் தெரிய 10 நாள்ல இருந்து 21 நாள் வரைக்கும் ஆகலாம், பெரும்பாலும் ரெண்டு வாரம்.

இந்த நடுவுல இருக்கற நாள்தான் உங்களுக்கு கிடைச்ச டைம். எதிர்ப்பு சக்தி இல்லைன்னு ரிசல்ட் வந்தா, தொத்துன நாள்ல இருந்து 10 நாளைக்குள்ள இம்யூனோகுளோபுலின்னு ஒரு ஊசி போடலாம், அம்மை வந்த வேற யார் உடம்புலயோ உருவான எதிர்ப்பு சக்திய எடுத்து நமக்கு குடுக்கறது. கொப்புளம் வந்தப்புறம் அந்த ஊசியால ஒரு பிரயோஜனமும் கிடையாது. நெல்லைக்காரி அம்மா சொல்ற மாதிரி மூணாவது தண்ணி வரைக்கும் பொறுத்தா ரயில் போயிருக்கும்.

சும்மாபடிக்கவந்தவன்
செவ்வாய், மாலை 3:05

ஸ்கூல்ல நம்ம எல்லாருக்கும் அம்மை ஊசி போட்டாங்களே, அப்புறம் எதுக்கு இந்த டெஸ்ட்டு?

லேப்கோட்
செவ்வாய், மாலை 3:12

எல்லாரும் குழம்புற இடம் இதுதான். நீங்க சொல்றது தட்டம்மை, ரூபெல்லா ஊசி, 2017ல நம்ம ஸ்கூல்கள்ல போட்டது. சின்னம்மை வேற கிருமி, அதுக்கு தடுப்பூசி இருக்கு ஆனா அரசாங்க அட்டவணையில இல்ல, பிரைவேட்ல காசு குடுத்து போட்டவங்களுக்கு தான். தாத்தா பாட்டி கைல வட்டமா தழும்பு இருக்குமே அது பெரியம்மை ஊசி, அந்த நோயே 1980ல உலகத்துல இல்லைன்னு அறிவிச்சாச்சு. மூணையும் நாம அம்மைன்னே சொல்லிக்கறோம், அதான் "அம்மை ஊசி போட்டாச்சு"ன்னு நிம்மதியா இருந்துடறோம்.

நிலாச்சோறு
செவ்வாய், மாலை 3:20

டாக்டர் கிளினிக்ல பேசிட்டேன். ஏழு மணிக்கு எல்லாரும் போனப்புறம் வர சொன்னாங்க, பின்னாடி கேட் வழியா. அத்தைகிட்ட இன்னும் சொல்லல. அந்த கை கால் விஷயம் உண்மையா? யாராவது நேரா சொல்லுங்க.

வார்டுசிஸ்டர்
செவ்வாய், மாலை 4:02

கண்ணு, பின்னாடி கேட் வழியா வர சொன்னாங்க பாரு, அந்த டாக்டர் கெட்டிக்காரர். மாசமா இருக்கறவங்க பத்து பேர் உக்காந்திருக்கற ஹால்ல போய் நீ உக்காந்தா என்ன ஆகும்னு யோசிச்சிருக்கார். (இன்னிக்கு உன்னால யாருக்கும் பரவாது, அது வேற விஷயம், ஆனா கூட வர்றவங்க யாருன்னு அவங்களுக்கு தெரியாதே.)

கேட்டதுக்கு நேரா சொல்றேன். உண்மைதான், ஆனா ரொம்ப அபூர்வம். அம்மாவுக்கு முதல் 12 வாரத்துல சின்னம்மை வந்தா இருநூறுல ஒரு குழந்தைக்கும் கம்மியா பாதிப்பு வருது. 13ல இருந்து 20 வாரம் வரைக்கும்தான் கொஞ்சம் கூடுதல், நூத்துக்கு 2. அதுக்கப்புறம் ஏறக்குறைய இல்லவே இல்ல. பாதிச்சா தோல்ல தழும்பு, ஒரு கை இல்ல கால் சூம்பிப் போறது, கண்ணு, மூளை வளர்ச்சின்னு வரும். இதுவும் உனக்கு அம்மை *வந்தா* தான், பக்கத்துல இருந்ததுக்கு இல்ல. நூத்துல 98 குழந்தைக்கு ஒண்ணும் ஆகறதில்லங்கறத யாரும் கூகுள்ல படம் போட மாட்டாங்க.

நெல்லைக்காரி அம்மாவுக்கு எட்டாம் மாசம் வந்து புள்ள நல்லா பொறந்ததுல ஆச்சரியமே இல்ல, எட்டாம் மாசத்துல குழந்தைக்கு அந்த ஊனம் வராது. ஆனா அந்த நேரத்துல ஆபத்து அம்மாவுக்கு. வயிறு மேல ஏறி நுரையீரல அமுக்கிட்டு இருக்கற நேரத்துல நிமோனியா வந்தா தாங்காது. மாசமா இருக்கறப்ப சின்னம்மை வர்றவங்கள்ல 5 முதல் 14 சதவீதம் பேருக்கு நிமோனியா வருதுன்னு எங்களுக்கு சொல்லித்தர்றாங்க. அம்மா தப்பிச்சது அவங்க கும்பிட்ட சாமி புண்ணியம், ஆனா எல்லா அம்மாவும் தப்பிக்கல.

நெல்லைக்காரி
செவ்வாய், மாலை 4:15

நான் சாமிய நம்புனேன் தாயி, அத கேலி பண்ணாதீய.

வார்டுசிஸ்டர்
செவ்வாய், மாலை 4:19

அய்யோ கேலி இல்லம்மா, நானும் ஆடி மாசம் கூழ் ஊத்துறவதான். வாசல்ல வேப்பிலைய பாத்தா வெளி ஆளு உள்ள வரமாட்டான், அந்த ஒண்ணே எத்தன பேர காப்பாத்தியிருக்கும். நுங்கும் இளநியும் காய்ச்சலுக்கு நல்லதுதான். எனக்கு ஆகாதது ரெண்டு, ஒண்ணு மருந்து கூடாதுங்கறது, இன்னொண்ணு உடைஞ்ச கொப்புளத்துல மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு அப்புறது, அது சீழ் பிடிச்சு நான் நெறைய பாத்திருக்கேன்.

ரெண்டுபுள்ளைக்காரன்
செவ்வாய், மாலை 6:40

ஆபீஸ்ல இருந்து வந்து படிச்சேன். என் சம்சாரத்துக்கு மூத்தவன் வயித்துல இருக்கறப்ப 14வது வாரத்துல வந்துச்சு. எங்களுக்கு இந்த ஐஜிஜி எல்லாம் தெரியாது, தெரிஞ்சிருந்தா முன்னாடியே போயிருப்போம். முதல் முத்து காதுக்கு பின்னாடி வந்துச்சு, கொசுக்கடின்னு நெனச்சோம், மறுநாள் முகமெல்லாம். எங்க அம்மா உடனே எல்லா மாத்திரையையும் எடுத்து பரண்ல வச்சிட்டாங்க, அம்மை எறங்குற வரைக்கும் தொடக்கூடாதுன்னு. அதுல அவ தினமும் காலைல போடுற தைராய்டு மாத்திரையும் போயிடுச்சு, யாரும் கவனிக்கல.

நாலாம் நாள் ராத்திரி மாடிப்படி ஏற முடியல, ரெண்டு படிக்கு ஒருக்கா நின்னா. வறட்டு இருமல். கொரோனா சமயத்துல வாங்கி டிராயர்ல கெடந்த அந்த விரல்ல மாட்டுற மெஷின எடுத்து பேட்டரி மாத்தி மாட்டிப் பாத்தேன், 91 காட்டுச்சு. விரல் மாத்தி மாட்டுனேன், 90. அதுக்கப்புறம் யாரு பேச்சையும் கேக்கல, 108க்கு போன் போட்டு மாசமா இருக்கா, அம்மை போட்டிருக்கு, மூச்சு வாங்குதுன்னு மூணையும் சொன்னேன். தனி ரூம் தயாரா வச்சிருந்தாங்க. நிமோனியா. அசைக்ளோவிர்னு அம்மைக் கிருமிய அடக்குற மருந்த டிரிப்ல ஏத்துனாங்க, ஆக்சிஜன் வச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு வீட்டுக்கு வந்தோம்.

ஆனா சொல்ல வந்தது அது இல்ல. வீட்டுக்கு வந்தப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க சொந்தக்காரங்க ஆலோசனை. "கலைச்சிடுங்கப்பா, வயசு இருக்கு, அடுத்தது பெத்துக்கலாம், ஊனமா பொறந்தா யாரு பாக்கறது." இத சொன்னது எல்லாம் படிச்சவங்க. ஒருத்தர் வாட்ஸப்ல படம் வேற அனுப்புனார், அத என் பொண்டாட்டி பாத்துட்டா. டாக்டர்கிட்ட போய் கேட்டோம், அவங்க பேப்பர்ல நூறு புள்ளி வச்சு ரெண்ட மட்டும் வட்டம் போட்டு காட்டுனாங்க. இதுக்காக கலைக்கணும்னு எந்த டாக்டரும் சொல்லமாட்டாங்க, ஸ்கேன்ல பாப்போம்னாங்க. அம்மை வந்து குறைஞ்சது அஞ்சு வாரம் கழிச்சுதான் ஸ்கேன்ல எதாவது இருந்தா தெரியும், அதுக்கு முன்னாடி எடுத்து நல்லா இருக்குன்னு சந்தோஷப்படுறதுல அர்த்தமில்லைனு சொல்லி 20வது வாரத்துல எடுத்தாங்க. ரெண்டு கை ரெண்டு கால் நீளம், தலை சுத்தளவு, கண்ணு, குடல், தண்ணி அளவு எல்லாம் பொறுமையா பாத்தாங்க, அப்புறமும் நடுவுல ரெண்டு தடவ. இப்ப யூகேஜி படிக்கறான், நெத்தியில ஒரே ஒரு தழும்பு, அதுவும் சைக்கிள்ல விழுந்தது.

நிலாச்சோறு, கலைக்கறத பத்தி யாராவது பேசுனா போன வச்சிடுங்க.

குளிர்தேசம்
செவ்வாய், இரவு 11:48

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில மிட்வைஃப். எங்கட ஊரில இதை கொப்பளிப்பான் எண்டு சொல்லுவினம். இஞ்ச முதல் தரம் பதிய வாற கர்ப்பிணியிட்டயே கேட்டு எழுதுவம், கொப்பளிப்பான் வந்ததோ, ஊசி போட்டதோ எண்டு. இஞ்ச பிறந்து வளந்த பொம்பிளையளில நூற்றுக்கு 90 பேருக்கு மேல சின்னனிலயே வந்து போயிருக்கும். எங்கட பக்கம், வெப்ப நாடுகளில, இந்த வருத்தம் கொஞ்சம் வயசு போய்த்தான் கூட வாறது, அதால இலங்கை, இந்தியா எண்டு வாற தங்கச்சிமாரில எதிர்ப்பு சக்தி இல்லாத ஆக்கள் கூட. "எனக்கு வந்தமாதிரி ஒரு ஞாபகம்" எண்டா நான் விடமாட்டன், ரத்தம் எடுப்பன்.

இன்னொண்டு. 2022ல இருந்து இஞ்ச எதிர்ப்பு சக்தி இல்லாத கர்ப்பிணிக்கு அந்த ஊசிக்குப் பதிலா அசைக்ளோவிர் குளிசைதான் (மாத்திரை) குடுக்கிறது. தொற்றின நாளில இருந்து ஏழாம் நாள் தொடங்கி பதினாலாம் நாள் வரைக்கும். ஊசி எல்லா இடமும் கிடைக்காது, விலையும் கூட, உங்கட பக்கமும் அதே பிரச்சினை எண்டு கேள்விப்படுறன். டாக்டரிட்ட ரெண்டையும் பற்றி கேளுங்கோ. அசைக்ளோவிர் கன வருசமா கர்ப்பிணிகளுக்கு குடுக்கிற மருந்து, அதால பிள்ளைக்கு ஊனம் கூடினதா இதுவரைக்கும் காணேல்ல.

அம்மா வீட்டை போறது பற்றி ஒருத்தரும் பதில் சொல்லேல்லயே?

லேப்கோட்
புதன், காலை 7:15

ஆமா அக்கா, அத விட்டுட்டேன், அதுதான் முக்கியம். நிலாச்சோறு, போகாதீங்க. அதாவது இன்னிக்கு போனா இன்னிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இல்லைன்னா எட்டாம் நாள்ல இருந்து உங்களால பரவலாம்னு எடுத்துக்கணும், 21ஆம் நாள் வரைக்கும், ஊசி போட்டா 28. அந்த நாள்ல அங்க ஒரு பச்சக்குழந்தை இருக்கு. உங்க அண்ணிக்கு சின்ன வயசுல வந்திருந்தா அவங்ககிட்ட இருந்து குழந்தைக்கும் எதிர்ப்பு சக்தி போயிருக்கும், பயமில்ல. வரலைன்னா பயம்தான். ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த வீட்டு பக்கமே யோசிக்காதீங்க. இருக்கற வீட்லயே பையன ஒரு ரூம்ல, நீங்க வேற ரூம்ல, ஜன்னல திறந்து வச்சுட்டு இருங்க, இது காத்துல பரவற கிருமி.

வார்டுசிஸ்டர்
புதன், காலை 7:50

பச்சக்குழந்தைன்னதும் எனக்கு ஒரு கேஸ் ஞாபகம் வருது. ஊர் பேர் வேண்டாம். வலி எடுத்து ஒரு பொண்ணு வந்துச்சு, தலைப்பிரசவம், முழுக்கை ஜாக்கெட்டு, முகமெல்லாம் மஞ்சள். சித்திரை வெயில்ல முழுக்கையான்னு எனக்கு சந்தேகம், ஊசி போட கைய ஏத்தி விட்டா முழங்கை வரைக்கும் முத்து, சிலது அப்பத்தான் தண்ணி கோக்குது. மூணு நாளாச்சாம். ஆஸ்பத்திரியில சேத்துக்க மாட்டாங்கன்னு யாரோ பயமுறுத்தியிருக்காங்க, அதான் மறைச்சு கூட்டிட்டு வந்திருக்காங்க.

இதுல என்ன விஷயம்னா, பிரசவத்துக்கு அஞ்சு நாள் முன்னாடில இருந்து ரெண்டு நாள் பின்னாடி வரைக்கும் அம்மாவுக்கு கொப்புளம் வந்தா, கிருமி மட்டும் குழந்தைக்கு போயிருக்கும், எதிர்ப்பு சக்தி போயிருக்காது, அம்மா உடம்பு அத தயார் பண்றதுக்குள்ள கொடிய வெட்டியிருப்போம். மருந்து இல்லாத காலத்துல அப்படி நோய் வந்த குழந்தைங்கள்ல 30 சதவீதம் வரைக்கும் எறந்திருக்கு. அதனால முடிஞ்சா பிரசவத்த ஒரு வாரம் தள்ளிப்போட பாப்பாங்க, அதுக்குள்ள எதிர்ப்பு சக்தி குழந்தைக்கு போயிடும். அந்த பொண்ணுக்கு வலி நிக்கல, பொறந்துடுச்சு. குழந்தைக்கு உடனே இம்யூனோகுளோபுலின், பச்சக்குழந்தை வார்டுல தனியா வச்சு பாத்தோம். பத்தாம் நாள்கிட்ட நாலஞ்சு கொப்புளம் வந்துச்சு, அசைக்ளோவிர் குடுத்தாங்க, பொழைச்சுக்கிச்சு. பால் நிறுத்தல, மாருல கொப்புளம் இல்லாததால அப்படியே குடுக்க வச்சோம்.

முன்னாடியே சொல்லியிருந்தா முதல் மணி நேரத்துல இருந்தே எல்லாம் ரெடியா இருந்திருக்கும். யாரும் தொரத்த மாட்டாங்க கண்ணுங்களா, சொல்லிட்டு வாங்க.

பனங்கற்கண்டு
புதன், காலை 10:20

நடுவுல ஒரு சந்தேகம் கேக்கலாமா. எங்க மாமியாருக்கு இடுப்புல அக்கி. குயவர் வீட்டுக்கு போய் காவி மண்ணுல சிங்கம் எழுதிட்டு வந்தாங்க, எரிச்சல் குறையுதுன்னு சொல்றாங்க. நான் 24 வாரம். அக்கியும் அம்மையும் ஒண்ணுன்னு ஒருத்தர் சொல்றார், உண்மையா?

லேப்கோட்
புதன், காலை 10:44

கிருமி ஒண்ணேதான், வாரிசெல்லா ஜோஸ்டர். சின்ன வயசுல வந்த அம்மை போனப்புறம் கிருமி நரம்புல தூங்கிட்டு இருக்கும், வயசாகி உடம்பு தளர்றப்ப ஒரே நரம்பு போற பாதைல பட்டையா எழும்பும், அதுதான் அக்கி. உங்களுக்கு ஏற்கனவே அம்மை வந்திருந்தா கவலையில்ல. வரலைன்னா அந்த கொப்புளத்து தண்ணி பட்டு உங்களுக்கு சின்னம்மை வரலாம், ஆனா இடுப்புல துணி மூடியிருந்தா வாய்ப்பு ரொம்ப கம்மி. அத்தை துணிய நீங்க துவைக்க வேண்டாம், நீங்களும் ஐஜிஜி பாத்துடுங்க. மாசமா இருக்கற பொண்ணுக்கே அக்கி வந்தா? வலி உண்டு, ஆனா குழந்தைக்கு பயம் இல்ல, அவங்க ரத்தத்துல எதிர்ப்பு சக்தி ஏற்கனவே இருக்கு. அக்கிக்கும் மூணு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா நல்லது, மாமியார சிங்கத்தோட சேத்து டாக்டர்கிட்டயும் ஒரு எட்டு கூட்டிட்டு போங்க.

நிலாச்சோறு
வியாழன், இரவு 9:05

ரிசல்ட் வந்துடுச்சு. நெகட்டிவ். அதாவது எனக்கு வந்ததே இல்ல, அண்ணனுக்கு தான் வந்திருக்கு. அத பாத்ததும் அழுதுட்டேன், அப்புறம் இங்க எழுதுனதெல்லாம் திரும்ப படிச்சேன்.

டாக்டர் ஊசிக்கு கோயம்புத்தூர்ல விசாரிச்சாங்க, உடனே கிடைக்கலைன்னுட்டாங்க. அதனால குளிர்தேசம் அக்கா சொன்ன அதே முறை, ஞாயித்துக்கிழமைல இருந்து அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நாலு வேளை, ஏழு நாள். நெறைய தண்ணி குடிக்க சொன்னாங்க. அதையும் மீறி ஒரு கொப்புளம் வந்தாலும் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கூப்பிட சொன்னாங்க, 24 மணி நேரத்துக்குள்ள மருந்த மாத்தணுமாம்.

அத்தைகிட்ட சொன்னேன். முதல்ல முகத்த தூக்கி வச்சுகிட்டாங்க. மாமா தான் "அதுல என்ன, மாத்திர தானே, ஊசி இல்லயே"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைல அத்தை எறங்கிட்டாங்க, எனக்கே சிரிப்பு வந்துச்சு. இப்ப மாத்திரைய சாமி படத்துக்கு முன்னாடி வச்சு எடுத்து குடுக்கறேங்கறாங்க. தாராளமா குடுக்கட்டும்.

நெல்லைக்காரி
வியாழன், இரவு 9:22

நல்லது பிள்ள. போடு. மாத்திர போட்டுட்டு இளநியும் குடி. நான் சொன்னேன்னு மருந்த நிறுத்திராத, என்ன?

வார்டுசிஸ்டர்
வியாழன், இரவு 9:40

வந்துட்டா எதெல்லாம் பாக்கணும்னு சொல்லி வச்சிடறேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பு. மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி, இருமல், தலைவலி தாங்காம வாந்தி, ஆளு ஒரு மாதிரி மயக்கமா பேசுறது, கொப்புளத்துல தண்ணிக்கு பதிலா ரத்தம், ஆறு நாளாகியும் புதுசு புதுசா கெளம்பறது. இதுல எது வந்தாலும் வீட்ல வச்சுக்கக்கூடாது. காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும். ப்ரூஃபன் மாதிரி வலி மாத்திரை வேண்டவே வேண்டாம், மெடிக்கல்ல தானா வாங்கிடாதீங்க. குளிக்கக்கூடாதுன்னு யாராவது சொன்னா வெதுவெதுன்னு தண்ணில வேப்பிலைய போட்டு குளி, ரெண்டு பேருக்கும் திருப்தி. நகத்த வெட்டிடு. அரிப்புக்கு கலமைன். இரும்புச்சத்து மாத்திரைய டாக்டர் சொல்லாம நிறுத்தாத.

சும்மாபடிக்கவந்தவன்
வியாழன், இரவு 10:11

சும்மா படிக்க வந்தேன், இப்ப என் தங்கச்சிக்கு போன் பண்ணி உனக்கு அம்மை வந்துச்சான்னு கேட்டுட்டு இருக்கேன். அவளும் உனக்கா எனக்கான்னு தெரியலைங்கறா.

நிலாச்சோறு
(மூணு வாரம் கழிச்சு) திங்கள், காலை 11:30

நெறைய பேர் தனியா கேட்டிருந்தீங்க. 15வது நாள் வயித்துல நாலு, முதுகுல ஒண்ணு வந்துச்சு. அன்னிக்கே போனோம், அதே பின்னாடி கேட். மருந்து நாளைக்கு அஞ்சு வேளையா மாத்தி இன்னும் ஒரு வாரம். காய்ச்சல் ஒரு நாள்தான், இருமல் இல்ல, விரல் மெஷின் வாங்கி வச்சிருக்கோம், 98க்கு கீழ எறங்கவே இல்ல. எல்லாம் பொருக்கு தட்டிடுச்சு. அத்தை மூணு தண்ணியும் ஊத்திட்டாங்க. 24வது வாரத்துல ஒரு ஸ்கேன் சொல்லியிருக்காங்க, நூத்துல ரெண்டுங்கறத மனசுல வச்சுகிட்டு காத்திருக்கேன். அருப்புக்கோட்டைல அண்ணிக்கு ஏற்கனவே வந்திருக்காம், இருந்தாலும் நான் போகல.

மல்லிப்பூ
திங்கள், மதியம் 12:45

முழுசா படிச்சேன். நான் இன்னும் உண்டாகல, பிளான் பண்றோம். ஐஜிஜி பாத்தேன், நெகட்டிவ். தடுப்பூசி போட்டுக்கலாமா?

லேப்கோட்
திங்கள், மதியம் 1:30

உங்களுக்கு தான் இது சரியான நேரம். ரெண்டு டோஸ், நடுவுல குறைஞ்சது நாலு வாரம். இது உயிருள்ள கிருமிய பலவீனமாக்கி செஞ்ச ஊசி, 1974ல ஜப்பான்ல டகஹாஷின்னு ஒரு டாக்டர் ஓகான்னு ஒரு குடும்பத்து பையன் உடம்புல இருந்த கிருமிய வச்சு உருவாக்குனது, இன்னிக்கும் அந்த கிருமி பேரு ஓகா தான். உயிருள்ள கிருமிங்கறதால மாசமா இருக்கறப்ப போடவே கூடாது. ரெண்டாவது டோஸ் போட்டு குறைஞ்சது ஒரு மாசம் தள்ளிப்போடுங்க, சில டாக்டருங்க மூணு மாசம்பாங்க, உங்க டாக்டர் சொல்றத கேளுங்க. தெரியாம நடுவுல உண்டாயிட்டா பதறாதீங்க, தடுப்பூசியால குழந்தைக்கு அந்த பாதிப்பு வந்ததா பதிவே இல்ல. அப்படியே ரூபெல்லாவும் சேத்து பாத்துடுங்க, அது முதல் மூணு மாசத்துல வந்தா சின்னம்மைய விட பல மடங்கு மோசம்.

குளிர்தேசம்
திங்கள், இரவு 8:02

இஞ்ச இத்தினை வருசமா பிள்ளையளுக்கு இந்த ஊசியே பொதுவில குடுக்கேல்ல, 2026 ஜனவரியில இருந்துதான் தட்டம்மை ஊசியோட சேத்து குடுக்கத் தொடங்கினவை. மல்லிப்பூ, பிரசவம் முடிஞ்ச கையோட போடலாம் எண்டு தள்ளிப்போடாதேங்கோ, இப்பவே போடுங்கோ. நிலாச்சோறு தங்கச்சி, ஸ்கேன் முடிஞ்சதும் வந்து எழுதும்.